ஒரு லைன், நாலு ஹேண்ட்செட்: வீட்டுக்குக் கார்ட்லெஸ் போன் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கீழே வயதான பெற்றோர், மாடியில் பிள்ளைகள், ஃபைபர் இணைப்போடு சேர்ந்து வந்த ஒரு லேண்ட்லைன் நம்பர். இந்த மூன்றும் இருக்கிற வீடுகளிலிருந்துதான் கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் வருகின்றன. பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை விட்டுவிட்டு, வாங்கும்போதும் வாங்கிய பிறகும் ஆட்கள் தடுமாறுகிற இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எக்ஸ்பாண்டபிள் கார்ட்லெஸ் என்கிறார்களே, அது என்ன?

பேஸ் ஒன்றுதான். போன் வயரும் கரண்ட் வயரும் அதற்கு மட்டும். மற்ற ஹேண்ட்செட்டுகள் எல்லாம் அந்த பேஸோடு ரேடியோ அலையில் பேசுகின்றன. கூடுதல் ஹேண்ட்செட்டுக்குத் தேவை ஒரு சின்ன சார்ஜர் தொட்டி, அதைச் செருக ஒரு பிளக் பாயிண்ட், அவ்வளவுதான். போன் வயரை மாடிக்கு இழுக்க வேண்டாம், சுவரைத் துளைக்க வேண்டாம். வீட்டு உபயோக மாடல்கள் பலவற்றில் ஒரு பேஸில் 6 ஹேண்ட்செட் வரை சேர்க்கலாம். ஆனால் எல்லா மாடலும் அப்படியல்ல. ஒரே ஹேண்ட்செட்டோடு நின்றுவிடுகிற மலிவு மாடல்களும் அதே அலமாரியில்தான் இருக்கும். எத்தனை வரை சேர்க்கலாம் என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது இது எதற்கு?

தேவையில்லாத வீடுகள் நிறைய இருக்கின்றன. இரண்டு அறை ஃபிளாட்டில் இரண்டு பேர் இருந்தால் இந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

தேவைப்படுவது வேறு மாதிரி வீடுகளுக்கு. செல்போனின் தொடுதிரையில் தடுமாறும் அப்பாவுக்கு, அழுத்தினால் அழுந்துகிற பெரிய பட்டன் வேண்டும். வீட்டுக்குள் டவர் சரியாகக் கிடைக்காத இடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்டர்காம். கீழே இருந்து மாடிக்குக் கத்தாமல் பேசலாம்; அந்தப் பேச்சுக்குக் கட்டணமும் இல்லை, லைனும் தேவையில்லை. இந்த போன் வாங்கிய பல வீடுகளில் வெளி ஆட்களோடு பேசுவதைவிட "சாப்பிட வா" என்று சொல்லத்தான் அது அதிகம் பயன்படுகிறது.

ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் ஃபைபர் இணைப்பில் வேலை செய்யுமா?

செய்யும். ஃபைபர் வந்து சேருகிற பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். இணைய வயர் செருகும் அகலமான துளைகளுக்குப் பக்கத்தில் சற்றுச் சின்னதாக ஒன்று இருக்கும். போன் படம் போட்டிருக்கும், அல்லது 'டெல்', 'பாட்ஸ்', 'போன்' என்று ஏதாவது எழுதியிருக்கும். பேஸிலிருந்து வரும் வயரை அதில் செருக வேண்டும். சின்ன பிளக் பெரிய துளைக்குள்ளும் நுழைந்துவிடும் என்பதுதான் இதில் தொல்லை. அங்கே செருகினால் போன் வராது; அந்தத் துளையின் பின்கள் வளைந்து கெடவும் வாய்ப்புண்டு.

இரண்டு விஷயம் சரிபாருங்கள். குரல் சேவை உங்கள் பிளானில் செயல்பாட்டில் இருக்க வேண்டும்; துளை இருந்தால் மட்டும் போதாது. அப்புறம், போனில் டயல் முறை 'டோன்' என்று இருக்க வேண்டும். 'பல்ஸ்' என்று இருந்தால் நம்பர் அழுத்தியும் கால் போகாமல் நிற்கலாம்.

முதலில் ஒன்று வாங்கிவிட்டு, தேவைப்பட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்: வேண்டாம். தேவைப்படும் ஹேண்ட்செட்டுகளை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

கூடுதல் ஹேண்ட்செட் சேர்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த பேஸுக்குப் பொருந்துகிற ஹேண்ட்செட் கடையில் கிடைக்கிற வரைக்கும்தான் அந்த உண்மை. லேண்ட்லைன் சந்தை சுருங்கிக்கொண்டே வருகிறது. மாடல்கள் சத்தமில்லாமல் நின்றுபோகின்றன. நின்றுபோன மாடலுக்கு ஹேண்ட்செட் மட்டும் தனியாகத் தேடினால் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஒற்றை ஹேண்ட்செட்டின் விலை, புது செட்டின் விலையை நெருங்கி நிற்கும். கம்பெனியே கைமாறுவதும் உண்டு. ஜெர்மனியின் கிகாசெட் பெரிய பெயர். 2023-ல் திவால் நடவடிக்கைக்குப் போனது, 2024-ல் ஹாங்காங்கின் விடெக் அதன் தொழிலை வாங்கிக்கொண்டது.

ஆகவே கணக்கு இப்படிப் போடுங்கள். ஆளுக்கு ஒன்று வேண்டாம், இடத்துக்கு ஒன்று போதும். பெற்றோர் படுக்கும் அறை, சமையலறைப் பக்கம், மாடி ஹால் என்று மூன்று இடம் இருந்தால் மூன்று. அதற்குமேல் ஒன்று உபரியாக வாங்கிவைப்பது வீண் செலவல்ல. இந்த செட்டில் முதலில் பழுதாவது ஹேண்ட்செட்தான். கீழே விழுவது அதுதானே, பேஸ் அல்லவே.

வேறு கம்பெனி ஹேண்ட்செட் என் பேஸில் சேராதா?

சேரலாம், அரைகுறையாக. கார்ட்லெஸ் போன்கள் பின்பற்றும் டெக்ட் என்ற பொதுத் தரத்துக்குள் 'கேப்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பேஸும் ஹேண்ட்செட்டும் இரண்டுமே அதை ஏற்பவையாக இருந்தால் கால் வரும், போகும், பேசலாம். பேஸில் வைத்திருக்கும் போன்புக், பதிவுக் கருவியின் (யாரும் எடுக்காதபோது கூப்பிடுபவர் சொல்வதைப் பதிந்துவைப்பது) மெனு போன்றவை பெரும்பாலும் வேலை செய்யாது. சிக்கியிருக்கும்போது கைகொடுக்கும் வழி இது. இதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து வருகிறார். அங்கே நாலு ஹேண்ட்செட் செட் மலிவாம். வாங்கி வரச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும், ஏனென்றால் ஆசையாக வாங்கி வந்து இங்கே பரணில் கிடக்கும் செட்டுகள் கொஞ்சமல்ல.

இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் விற்கும் டெக்ட் போன்கள் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் இயங்குகின்றன. அமெரிக்காவில் அந்த இடம் செல்போனுக்குப் போய்விட்டதால், அங்கே கார்ட்லெஸ்ஸுக்கு 1920 முதல் 1930 வரை ஒதுக்கினார்கள். பெட்டியில் 'டெக்ட் 6.0' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஆறாவது தலைமுறை என்று நினைத்துவிட வேண்டாம், அது ஒரு விற்பனைப் பெயர்தான். இப்போது இந்தியாவில் 1920-லிருந்து 1980 மெகாஹெர்ட்ஸ் வரை என்ன நடக்கிறது? நம் செல்போன்கள் டவருக்குப் பேசுகிற பாதைகளில் ஒன்று அது. 2010-ல் 3ஜிக்காக ஏலம் விட்ட அலைவரிசை. அமெரிக்க கார்ட்லெஸ் அதற்குள் போய் உட்காருகிறது. உங்கள் போன் கரகரக்கலாம் என்பது சின்ன விஷயம். பக்கத்து டவருக்குத் தொல்லை கொடுக்கும், இங்கே அதற்கு அனுமதியும் கிடையாது.

போதாக்குறைக்கு அடாப்டர். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அடாப்டர் மேல் 100-240 என்று போட்டிருந்தால் தப்பித்தீர்கள். 120 என்று மட்டும் இருந்தால், பிளக் மாற்றி ஒன்றை வாங்கிச் செருகிய அன்றே அதன் ஆயுள் முடிந்துவிடும். பிளக் மாற்றி துளையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது.

லண்டனிலிருந்து வந்தால் அலைவரிசையும் வோல்டேஜும் ஒத்துப்போகும். போன் வயரின் பிளக் வேறு வடிவம், அதை மாற்ற வேண்டும். கூப்பிடுபவர் நம்பர் திரையில் வராமல் போகவும் வாய்ப்புண்டு. இவ்வளவும் எதற்கு, இங்கேயே வாங்கிவிடலாம்.

300 மீட்டர் எட்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் மாடி ஏறினாலே விட்டுவிட்டுக் கேட்கிறதே?

300 மீட்டர் என்பது எந்தத் தடையும் இல்லாத திறந்தவெளிக்கு. கட்டடத்துக்குள் 50 மீட்டர் என்பார்கள், அதுவும் நல்ல நிலைமையில். கம்பி போட்ட கான்கிரீட் தளம் இந்த அலைகளை நன்றாகவே மறிக்கும். ஒரு தளம் தாண்டினால் பரவாயில்லை. இரண்டு தளம் தாண்டி மொட்டை மாடி அறைக்குப் போனால் குரல் உடைய ஆரம்பிக்கும்.

போனைக் குறை சொல்லும் முன் பேஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபைபர் பெட்டி எங்கே மாட்டியிருக்கிறதோ அதற்குப் பக்கத்திலேயே, பெரும்பாலும் டிவி ஸ்டாண்டின் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி வைத்திருப்பார்கள். பேஸுக்கு அதைவிட மோசமான இடம் கிடைப்பது கஷ்டம். இரும்பு, கண்ணாடியின் பின்பூச்சு, ஃபிரிட்ஜ், மீன் தொட்டி எல்லாமே அலையை மறிக்கும் அல்லது விழுங்கும். ஏற்ற இடம் மாடிப்படிக்குப் பக்கத்தில், தலை உயரத்துக்கு மேலே ஒரு சின்ன அலமாரி. படிக்கட்டு இருக்கிற இடத்தில் தளம் திறந்திருக்கிறது இல்லையா, அலை அந்த வழியாக ஏறும். ஃபைபர் பெட்டியிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு நீளமான போன் வயர் இழுப்பது சுலபமான வேலை. எலக்ட்ரிகல் கடையிலேயே இரு முனையிலும் பிளக் வைத்த வயர் கிடைக்கும். மூன்று தள வீடானால் பேஸ் நடுத் தளத்தில் இருக்க வேண்டும்.

சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒருவரை பேஸ் பக்கத்தில் ஒரு ஹேண்ட்செட்டோடு நிறுத்தி, நீங்கள் இன்னொன்றில் இன்டர்காமில் பேசிக்கொண்டே வீடு முழுக்க நடங்கள். எங்கே உடைகிறதோ, பேஸைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு அங்கே மறுபடியும் போய்ப் பாருங்கள். ஒரு முழம் நகர்த்தினாலே மாற்றம் தெரிகிற வீடுகள் உண்டு.

அப்படியும் எட்டவில்லை என்றால்?

பேஸின் அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் என்ற கருவியைச் சில கம்பெனிகள் விற்கின்றன. அலை நன்றாகக் கிடைக்கும் இடத்தின் விளிம்பில் வைக்க வேண்டும். எட்டாத இடத்தில் வைத்தால் அதற்கே அலை கிடைக்காது. உங்கள் பேஸ் மாடலுக்குப் பொருந்துமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கரண்ட் போனால் போன் வேலை செய்யுமா?

சாதாரணமாகச் செய்யாது. பழைய செம்புக் கம்பி லைனில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் கறுப்பு போன் மணி அடித்தது அதனால்தான். ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் வராது. ஆகவே இப்போது இரண்டு இடத்தில் கரண்ட் வேண்டும்: ஃபைபர் பெட்டிக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று. இன்வர்ட்டர் இருக்கிற வீட்டில் இரண்டும் இன்வர்ட்டர் லைனில் உள்ள பிளக்கில்தான் இருக்கின்றனவா என்று ஒருமுறை மெயினை அணைத்துப் பார்த்துவிடுங்கள். ஒன்று மட்டும் இருந்து பயனில்லை.

இன்வர்ட்டர் இல்லாதவர்கள் ரௌட்டருக்கென்று விற்கும் சின்ன யூபிஎஸ் வாங்குகிறார்கள். நல்லதுதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. அது பெரும்பாலும் 12 வோல்ட் கொடுப்பது. கார்ட்லெஸ் பேஸ் ஐந்தாறு வோல்ட்டில் ஓடுவது. முனை பொருந்துகிறதே என்று 12 வோல்ட் வயரை பேஸில் செருகினால் பேஸ் போய்விடும். அடாப்டரில் 'அவுட்புட்' என்று எழுதியிருக்கும் வரியைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

சில மாடல்களில் கரண்ட் போனதும் பேஸ் மேல் உட்கார்ந்திருக்கும் ஹேண்ட்செட்டின் பேட்டரியே பேஸுக்குக் கரண்ட் கொடுக்கும். கரண்ட் அடிக்கடி போகிற ஊர்க்காரர்கள் இதற்காகக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம். ஃபைபர் பெட்டி அணைந்துவிட்டால் இதுவும் உதவாது என்பதை மறக்காதீர்கள்.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரியைப் போடலாமா?

கூடவே கூடாது. ஹேண்ட்செட்டுக்குள் இருப்பவை 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் பேட்டரிகள். பல மாடல்களில் டிவி ரிமோட்டுக்குப் போடும் ஏஏஏ அளவு, இரண்டு. கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடுபவை சார்ஜ் ஏற்றக் கூடாதவை. தொட்டியில் வைத்ததும் சார்ஜ் ஏறப் பார்க்கும், சூடாகும், ஒழுகும், வெடிக்கவும் கூடும்.

மாற்ற வேண்டிய நேரம் எப்படித் தெரியும்? திரையில் முழுக் கட்டம் காட்டும், பேச ஆரம்பித்த சில நிமிடத்தில் பீப் பீப் என்று கத்தும். ஓரிரு வருடம் ஓடிய பேட்டரி என்றால் வேறு காரணம் தேட வேண்டாம், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியதைப் போட்ட பிறகு முதல் தடவை ஏழு மணி நேரம்போல சார்ஜில் விட்டுவிடுங்கள். ஆனால் பேட்டரிக்குப் போகும் முன், தொட்டியிலும் ஹேண்ட்செட்டின் அடியிலும் இருக்கும் உலோகப் புள்ளிகளைத் துடைத்துப் பாருங்கள். சமையலறைப் பக்கம் வைத்த ஹேண்ட்செட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து சார்ஜே ஏறாமல் இருக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடும்.

தொட்டியிலேயே எப்போதும் வைத்திருந்தால் கெட்டுப்போகுமா என்று கேட்பார்கள். தொட்டி அதற்காகத்தான் இருக்கிறது, வையுங்கள்.

கூப்பிடுபவர் நம்பர் திரையில் வருவதில்லையே?

நம்பரை அனுப்புவதில் எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் என்று இரண்டு முறைகள் இருக்கின்றன. இங்கே விற்கும் போன்கள் பல இரண்டையும் புரிந்துகொள்ளும். சிலவற்றில் மெனுவில் மாற்ற வேண்டும். எஃப்எஸ்கே முறையில் நம்பர் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில் வருகிறது. முதல் மணியிலேயே எடுத்துவிடுகிற சுறுசுறுப்பான ஆட்கள் இருக்கிற வீட்டில் நம்பர் தெரியாது. இரண்டு மணி அடிக்க விடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் சேவையை உங்கள் லைனில் செயல்படுத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

மிஸ்டு காலுக்குத் திருப்பிக் கூப்பிட்டால் போகவே மாட்டேன் என்கிறதே?

போன் பழுதில்லை, ஒரு சைபர் குறைகிறது. 2021 ஜனவரி 15-லிருந்து லேண்ட்லைனிலிருந்து செல்போனைக் கூப்பிட முன்னால் 0 போட வேண்டும். திரையில் வருவதோ பெரும்பாலும் வெறும் பத்து எண். அதை அப்படியே அழுத்தினால் அறிவிப்புதான் கேட்கும். பட்டியலில் இருக்கும் நம்பரைத் திருத்தி முன்னால் 0 சேர்க்கும் வசதி உங்கள் மாடலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

போன்புக்கில் சேமிக்கும்போதே 0 சேர்த்துச் சேமியுங்கள். அதில் ஒரு சின்னச் சிக்கல்: வரும் நம்பரில் 0 இல்லாமல், சேமித்த நம்பரில் 0 இருந்தால் சில போன்கள் இரண்டும் ஒன்றே என்று கண்டுபிடிக்காது, பெயர் காட்டாது. பெயர் தெரிவதா, ஒரே அழுத்தில் கால் போவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கால் போவதுதான் முக்கியம். பிள்ளைகள் நம்பரை 0-வோடு ஒற்றைப் பட்டன் டயலில் போட்டுவிடுங்கள்.

ஒரு ஹேண்ட்செட்டில் வந்த காலை மாடிக்கு மாற்றுவது எப்படி?

பேசிக்கொண்டிருக்கும்போது இன்டர்காம் பட்டனை அழுத்தி, மாடி ஹேண்ட்செட்டின் எண்ணை அழுத்துங்கள். வெளி ஆள் காத்திருப்பில் இருப்பார். மாடியில் எடுத்ததும் "உனக்குத்தான் போன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் வைத்துவிடலாம். ஹேண்ட்செட்டுகளுக்கு 1, 2, 3 என்று எண் இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி எண்ணையும் இடத்தையும் எழுதிவிடுங்கள். திரையில் பெயர் வைக்கும் வசதி இருந்தாலும் ஸ்டிக்கர்தான் வேலைக்கு ஆகும்.

லைன் ஒன்றுதான் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு வெளிக் கால்தான். கீழே அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது மாடியில் எடுத்தால், மாடலைப் பொறுத்து, அதே பேச்சில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம், அல்லது லைன் பிஸி என்று காட்டும்.

வைஃபையைக் கெடுக்குமா? பக்கத்து வீட்டில் ஒட்டுக்கேட்க முடியுமா?

வைஃபை 2.4 மற்றும் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, டெக்ட் 1.9-ல். இரண்டும் சந்திப்பதே இல்லை. ஒட்டுக்கேட்பது பற்றிய பயம், நீளமான ஏரியல் வைத்த பழைய அனலாக் கார்ட்லெஸ் காலத்தில் நியாயமானது. பக்கத்து வீட்டுச் சம்பந்தப் பேச்சு நம் போனில் வந்து விழுந்த காலம் அது. டெக்ட் டிஜிட்டல். குரலைப் பூட்டி அனுப்பும் வசதி உண்டு, 10 அலைவரிசைகளில் தலா 12 என்று 120 தடங்களில் காலியானதைத் தானே பிடித்துக்கொள்ளும். பழைய பூட்டு முறையில் ஓட்டைகள் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் 2008 வாக்கிலேயே காட்டிவிட்டார்கள். அதற்கு ஆளும் கருவியும் வேண்டும். வீட்டுப் பேச்சுக்கு அந்த அளவு கவலை தேவையில்லை.

புதிய ஹேண்ட்செட்டைச் சேர்ப்பது எப்படி?

செட்டோடு வந்தவை ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும். தனியாக வாங்கியதற்கு மட்டும்: முதலில் பேட்டரி போட்டுக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றுங்கள். பேஸில் ஹேண்ட்செட்டைத் தேடும் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்து, ஹேண்ட்செட் மெனுவில் 'ரெஜிஸ்டர்' தேர்ந்தெடுங்கள். பின் நம்பர் கேட்டால் பெரும்பாலும் 0000. பல மாடல்களில் இதுதான் முறை. பேஸுக்குப் பக்கத்தில் நின்று செய்யுங்கள், ஓரிரு நிமிடத்தில் காலக்கெடு முடிந்துவிடும்.

பதிவுக் கருவி, ப்ளூடூத் எல்லாம் உள்ள மாடல் வாங்கலாமா?

நம் ஊரில் பதிவுக் கருவியில் யாரும் பேசுவதில்லை. மணி அடித்து எடுக்கவில்லை என்றால் மறுபடி அடிப்பார்கள். அந்தப் பணத்தை இன்னொரு ஹேண்ட்செட்டில் போடுங்கள். செல்போனைப் ப்ளூடூத்தில் இணைத்து, செல்லுக்கு வரும் காலை வீட்டு ஹேண்ட்செட்டில் எடுக்கும் வசதி சிலருக்கு உண்மையிலேயே உதவும். வீட்டில் ஒரே ஒரு மூலையில்தான் டவர் கிடைக்கிறது என்றால் செல்லை அந்த மூலையில் வைத்துவிடலாம். அதற்கு பேஸும் அந்த மூலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நம்பர் பிளாக் செய்யும் பட்டன் மட்டும் எல்லோருக்கும் வேண்டும்.

இடி மின்னல் நேரத்தில்?

ஃபைபர் இழை வழியாக மின்னல் வராது, ஆனால் கரண்ட் வயர் வழியாக வரும். ஐப்பசி மழையில் இடி கிட்டத்தில் கேட்க ஆரம்பித்தால் பேஸ் அடாப்டர், ஃபைபர் பெட்டி இரண்டையும் பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இன்னும் செம்புக் கம்பி லைன் வைத்திருப்பவர்கள் போன் வயரையும் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகு திரையில் பேஸ் கிடைக்கவில்லை என்று காட்டும். மறுபடி செருகியதும் ஹேண்ட்செட்டுகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும், புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை.